பிடித்த ராக் குழுவை விழாவில் நேரில் பார்க்கப் போவது: ஹெட்போனில் கிடைக்காத எது அங்கே கிடைக்கும்?

கேள்வி: மதுரை வாசகர், 11 பிப்ரவரி 2025

மார்ச் 8, 9 தேதிகளில் மும்பை மகாலட்சுமி ரேஸ்கோர்ஸில் நடக்கும் லோலாபலூசா இசை விழாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கிரீன் டே. பள்ளிக்கூட நாளிலிருந்து கேட்கும் குழு. இப்போது நண்பர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள்: "ஆளே தெரியாது, திரையில்தான் பார்ப்பாய், சத்தம் இரைச்சலாக இருக்கும், வீட்டில் நல்ல ஹெட்போனில் கேட்பதே மேல்." ரயில், தங்குமிடம் எல்லாம் சேர்த்தால் ஒரு மாதச் சம்பளம். போனவர்கள் யாராவது மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் அண்ணா.

12 பிப்ரவரி 2025, இரவு 10.40

போங்கள் தம்பி. யோசிக்கவே வேண்டாம்.

நான் போனது ஒரே ஒரு முறை. 2011 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ், மெட்டாலிகா. ராக் என் இந்தியா விழாவில் 2008இல் மெகாடெத், 2009இல் அயர்ன் மெய்டன் வந்தபோது வேலையிலிருந்து கிளம்ப முடியவில்லை. மூன்றாவது தடவை விடக்கூடாது என்று தீபாவளி போனஸ் கைக்கு வந்த அன்றே டிக்கெட் எடுத்தேன். காட்பாடியில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஏறி, மாமா மகனும் நானும் கன்டோன்மென்டில் இறங்கினோம். பையில் தீபாவளி முறுக்கு. வாசலில் வெளித் தின்பண்டம் கூடாது என்றார்கள். தூக்கிப் போட மனசில்லாமல் காவலுக்கு நின்ற பெரியவரிடமே கொடுத்துவிட்டோம். அவர் அப்போதே ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டுத் தலையாட்டினார்.

'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டின் நடுவில் வேகம் குறைந்து இரண்டு கிடார்களும் சேர்ந்து ஒரு மெட்டு வாசிக்கும் இடம் வரும். வார்த்தையே கிடையாது. அந்த மெட்டை மைதானம் முழுக்க ஒரே குரலாகப் பாடியது. பதினெட்டு வருஷம் நான் தனியாக முணுமுணுத்த மெட்டு அது. இதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

13 பிப்ரவரி 2025, காலை 6.15

இரவு எழுதியதில் உங்கள் கேள்விக்குப் பதிலே இல்லை. இரைச்சலாக இருக்குமா என்றுதானே கேட்டீர்கள்? அது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மேடைக்கு நேர் எதிரே, கூட்டத்துக்கு நடுவில் ஒரு கூடாரம் போட்டிருப்பார்கள். ஒலியைக் கலந்து சரிசெய்யும் மேசை அங்கேதான் இருக்கும். குரல் எவ்வளவு, டிரம்ஸ் எவ்வளவு என்று முடிவு செய்கிறவர் தன் காதுக்கு வருவதை வைத்துத்தான் சரிசெய்கிறார். அவர் காது இருப்பது அந்தக் கூடாரத்தில். ஆகவே அதற்குப் பக்கத்திலோ சற்று முன்னாலோ நின்றால் அவருக்குக் கேட்பது உங்களுக்கும் கேட்கும். மேடைக்கு அடியில் நின்றால் முகம் தெரியும், ஆனால் பெரிய ஒலிபெருக்கிகளின் ஒலி தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். குரல் அமுங்கி டிரம்ஸ் மட்டும் மண்டையில் அடிக்கும். ஓரங்களில் கட்டை ஒலி சில இடத்தில் குவியும், சில இடத்தில் காணாமலே போகும்.

முதலில் வாசிக்கும் சின்னக் குழுக்களின் ஒலியைக் கேட்டுவிட்டு மனம் சோர வேண்டாம். விழாக்களில் அவர்களுக்கு ஒலி சரிபார்க்கப் பெரும்பாலும் நேரம் கிடைக்காது. எங்களுக்கு முதலில் பெங்களூரின் இன்னர் சாங்டமும் ஸ்காட்லாந்தின் பிஃபி கிளைரோவும் வாசித்தார்கள். நல்ல குழுக்கள்தான். ஒலி மட்டும் மெட்டாலிகா ஏறியதும் தலைகீழாக மாறியது.

13 பிப்ரவரி 2025, இரவு 11.05

நெஞ்சில் அடிக்கும் டிரம்ஸ் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. டிரம்ஸில் காலால் அடிக்கும் பெரிய டிரம் இருக்கிறதே, ஹெட்போனில் அது வெறும் 'டப்'. மைதானத்தில் அது சட்டையை அசைக்கிறது. கேலிப்பேச்சில்லை, என் சட்டைப் பையில் இருந்த ரயில் டிக்கெட் ஒவ்வொரு அடிக்கும் நடுங்கியது. கையை வைத்துப் பார்த்தேன்.

எங்கள் ஊரில் பம்பைக்காரர் பக்கத்தில் நின்றவர்களுக்கு இது புதிது இல்லை. அதே நடுக்கம்தான், வேறு தாளம்.

15 பிப்ரவரி 2025, மாலை 4.30

கூட்டத்தைப் பற்றிக் கேட்டவருக்கு. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால், 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை, குர்காவ்னில் மெட்டாலிகா வாசிப்பதாக இருந்தது. அவர்கள் இந்தியாவில் வாசிக்கும் முதல் நிகழ்ச்சி அதுவாகத்தான் இருந்திருக்கும். மேடைக்கு முன்னால் இருந்த தடுப்பு உடைந்து, முதலில் தள்ளிவைக்கிறோம் என்றார்கள், பிறகு ரத்து. கோபத்தில் சிலர் மேடைமேல் ஏறி உடைத்தார்கள். அந்தச் செய்தியை இரவு டிவியில் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. பெங்களூரும் போச்சு என்றே நினைத்தேன். ஞாயிறு மதியம் உள்ளே நுழையும்வரை நம்பவில்லை.

அதைவிடப் பெரிய துயரம் டென்மார்க்கின் ராஸ்கில்ட விழாவில், 2000 ஜூன் 30. பேர்ல் ஜாம் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது முன்வரிசை நெரிசலில் ஒன்பது இளைஞர்கள் இறந்தார்கள். சண்டை இல்லை, தீ இல்லை. பின்னாலிருந்து வந்த தள்ளல், விழுந்தவர்கள் எழ முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே: நெருக்கம் அதிகமானால் இரண்டு முழங்கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வையுங்கள். மூச்சுவிட அந்த ஒரு சாண் இடம் வேண்டும். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாதீர்கள். அலை முன்னால் போய்த் திரும்பும்போது குறுக்காக, ஓரம் பார்த்து நகருங்கள். பக்கத்தில் யாராவது விழுந்தால் உடனே தூக்குங்கள், பாட்டு பிறகு. தேர் இழுக்கும் கூட்டத்தில் வளர்ந்த நமக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

16 பிப்ரவரி 2025, இரவு 9.50

"பதினெட்டு வருஷம் தனியாகவா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம்.

1993, வேலூர். கல்லூரிப் பக்கத்து ரெக்கார்டிங் கடையில் வெற்று கேசட் வாங்கிக் கொடுத்தால் கேட்ட பாட்டைப் பதிவு செய்து தருவார்கள். எல்லாரும் சினிமாப் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்பார்கள். நான் அந்த 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' பாட்டு இருக்கும், 1986இல் வந்த மெட்டாலிகாவின் மூன்றாவது ஆல்பத்தைக் கேட்டேன். ஆல்பம் 55 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, கேசட் 60. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூன்று நிமிட டேப் மிச்சம். கடைக்காரருக்கு டேப்பை வெறுமையாக விடக் கை வராது. காசு கொடுத்த பையன் ஏமாறக் கூடாது என்று மிச்ச இடத்தில் இளையராஜா பாட்டு ஒன்றை நிரப்பிக் கொடுத்துவிட்டார். பல்லவி முடிந்து சரணம் தொடங்கும்போது டேப் தீர்ந்துவிடும்.

ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். இன்றைக்கும் அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு முடிந்த அடுத்த நொடியில் என் தலைக்குள் வயலின் தொடங்கும். அந்த ராஜா பாட்டு அந்த ஆல்பத்தின் ஒன்பதாவது பாட்டு என்றே எனக்குப் பதிந்துபோனது.

என் தெருவில் அந்தக் குழுவின் பெயர் தெரிந்தவர் யாரும் இல்லை. மாமா மகனுக்கே நான்தான் அறிமுகம் செய்தேன். அதனால்தான் அந்த மெட்டை வேறு வாய்கள் பாடிக் கேட்டபோது எனக்கு அப்படி ஆனது. உங்கள் தலைமுறைக்கு இந்தத் தனிமை இருக்காது, ஒரு தட்டு தட்டினால் லட்சம் பேர் கிடைப்பார்கள்.

19 பிப்ரவரி 2025, காலை 7.20

திருத்தம்.

கோயம்புத்தூர் வாசகர் ஒருவர் அதே பெங்களூர் நிகழ்ச்சிக்கு வந்தவராம், முன்வரிசைத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர். "மைதானம் முழுக்க ஒரே குரலா? எனக்குப் பின்னாலிருந்து அப்படி எதுவும் கேட்கவில்லையே. நாங்கள் முன்னால் ஐம்பது பேர் பாடினோம்" என்கிறார்.

முதலில் கோபம் வந்தது, மறைக்கவில்லை. பிறகு உட்கார்ந்து யோசித்தேன். நான் பாடினேன், மாமா மகன் பாடினான், எங்களைச் சுற்றி இருந்தவர்கள் பாடினார்கள். அதற்கு அப்பால்? எனக்கு நினைவில் இருப்பது கேட்டதா, கேட்டதாக நான் பின்னால் சேர்த்துக்கொண்டதா?

அன்றைக்கு நான் கையில் இருந்த நோக்கியாவில் கொஞ்சம் படம் பிடித்தேன். மெமரி கார்டு வீட்டில் எங்கேயோ இருக்க வேண்டும்.

22 பிப்ரவரி 2025, இரவு 12.10

கிடைத்தது. தையல் மெஷின் டப்பாவில், பட்டனோடு பட்டனாக.

ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. படம் என்று சொல்ல முடியாது, இருட்டில் ஒரு வெள்ளைக் கட்டம் ஆடுகிறது. ஒலி முழுக்கக் கரகரப்பு. அந்தச் சின்ன மைக் அவ்வளவு சத்தத்தைத் தாங்கவில்லை. ஆனால் நல்லவேளை, அந்த மெதுவான இடம் இருக்கிறது. பத்துத் தடவை கேட்டேன். கேட்பவை இவை:

மிக அருகில் ஒரு ஆண் குரல் மெட்டைப் பாடுகிறது. நான் இல்லை, மாமா மகனும் இல்லை. சுருதி கொஞ்சம் கீழே, ஆனால் ஒரு வளைவுகூட விடவில்லை. மாமா மகன் "டேய், தண்ணி இருக்கா?" என்கிறான். யாரோ விசில். இன்னும் தள்ளி, வலது பக்கம், ஒரு கும்பல் அதே மெட்டைப் பாடுகிறது, ஆனால் இந்த ஆளைவிட ஒரு துளி பிந்தி. மைதானம் முழுக்க ஒரே குரல் என்பது அதில் இல்லை.

என் குரலும் இல்லை. நான் பாடவே இல்லை போலிருக்கிறது.

23 பிப்ரவரி 2025, காலை 8.00

மாமா மகனுக்குப் போன் போட்டேன். "நீ எங்கே பாடினே மாமா, வாயைப் பொத்திக்கிட்டு நின்னே, அழறியோன்னு நினைச்சேன்" என்கிறான். தண்ணீர் கேட்டது அவனுக்கு நினைவே இல்லை.

1 மார்ச் 2025, இரவு 10.15

இந்த வாரம் இங்கே மயானக் கொள்ளை. சிவராத்திரி முடிந்து பாலாற்றங்கரைக்கு அம்மன் தேர்கள் வரும் திருவிழா. தெரியாதவர்கள் ஒருமுறை வேலூர் வந்து பாருங்கள். போன தடவைவரை நான் தேரைத்தான் பார்த்தேன். இந்தத் தடவை காது அந்த வீடியோவிலேயே கிடந்தது.

பம்பைக்காரர்கள் முன்னால் போகிறார்கள். நான் வேண்டுமென்றே பின்தங்கி, நூறு தப்படிக்கும் மேலாகத் தள்ளி நின்றேன். குச்சி விழுவது கண்ணுக்குத் தெரிகிறது, அடி பிறகுதான் வந்து சேருகிறது. எனக்குப் பக்கத்தில் ஆடிய பையன்கள் தங்கள் காதுக்கு வந்த அடிக்குச் சரியாக ஆடினார்கள். ஆனால் முன்னால் ஆடுகிறவர்களோடு சேர்த்துப் பார்த்தால் இவர்கள் பிந்துகிறார்கள். யாரும் தாளம் தப்பவில்லை. ஒவ்வொருவரும் தான் நிற்கும் இடத்தின் தாளத்தில் இருக்கிறார்கள்.

ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நூறு மீட்டர் பின்னால் நிற்பவருக்குக் கிட்டத்தட்ட 0.3 விநாடி தாமதம். அவர் கேட்டுப் பாடி, அந்தப் பாட்டு முன்னால் திரும்பி வர இன்னொரு 0.3. ஒரு வேகமான பாட்டில் அதற்குள் அடுத்த தட்டே வந்துவிடும். கோவை நண்பரே, உங்களுக்குப் பின்னாலிருந்து ஏன் கேட்கவில்லை என்பது இப்போது விளங்குகிறது. பெரிய ஒலிபெருக்கிகள் உங்கள் பக்கத்தில், எங்கள் குரல் பிந்தியும் தேய்ந்தும் வந்தது. நீங்கள் சொன்னது சரி. வீடியோவில் வலது பக்கக் கும்பல் பிந்தியதும் இதனால்தான்.

ஆக, என் பிப்ரவரி 12 வரியை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: மைதானம் அந்த மெட்டைத் துண்டு துண்டாக, முன்னால் முந்தியும் பின்னால் பிந்தியும் பாடியது. எனக்குப் பக்கத்தில் முகம் தெரியாத ஒருவர் முழுசாகப் பாடினார். எனக்கு இது முதலில் எழுதியதைவிட அதிகம் பிடித்திருக்கிறது.

2 மார்ச் 2025, மாலை 5.45

தாமதக் கணக்கைப் பற்றி இரண்டு பேர் கேட்டதால்: பெரிய விழாக்களில் மைதான நடுவிலும் கோபுரம் கட்டி ஒலிபெருக்கி மாட்டுவார்கள். அவை மேடையோடு ஒரே நேரத்தில் ஒலித்தால் பின்னால் நிற்பவருக்கு எதிரொலிபோல் இரண்டு தடவை கேட்கும். அதனால் கோபுரத்துக்குப் போகும் ஒலியை வேண்டுமென்றே நிறுத்தி அனுப்புகிறார்கள், 34 மீட்டருக்கு 0.1 விநாடி என்ற கணக்கில். திரைக்கு அந்தத் தடை இல்லை, வெளிச்சம் உடனே வந்துவிடும். தூரத்தில் நிற்பவருக்கு டிரம்மர் கை முதலில், அடி அப்புறம். ஒரு பாட்டுக்குள் மூளை பழகிக்கொள்ளும்.

4 மார்ச் 2025, இரவு 9.30

தம்பி கிளம்பப் போகிறார். கடைசியாகச் சில.

காதுக்கு நுரைப் பஞ்சு அடைப்பான் வாங்குங்கள். மருந்துக்கடையிலேயே கிடைக்கும். பாட்டு கெடாது, கூர்மை மட்டும் குறையும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் தாங்கும் என்பது தொழிற்சாலைப் பாதுகாப்புக் கணக்கு. எனக்கு 2011இல் இது தெரியாது. திரும்பி வரும்போது மெயில் ரயிலில் இரவு முழுக்கக் காதில் கொசு பாடியது, செவ்வாய்க்கிழமைதான் நின்றது. நிற்காமல் போனவர்களும் இருக்கிறார்கள்.

விழாவில் முழுப் பட்டியலும் வாசிக்க மாட்டார்கள். கிரீன் டே 2024 பயணத்தில் 1994 ஆல்பத்தையும் 2004 ஆல்பத்தையும் முழுசாக வாசித்தார்கள். விழாவில் அந்த அளவு நேரம் கிடைப்பது அரிது. பிடித்த பாட்டு வராமல் போகலாம் என்று மனசைத் தயார் செய்துகொண்டு போனால் வருவதெல்லாம் லாபம்.

கூட்டத்தில் ஒருவரை மேடைக்கு அழைத்துப் பாட வைப்பது கிரீன் டே பாடகர் பில்லி ஜோவின் வழக்கம். எதற்கும் வார்த்தைகளைப் படித்து வையுங்கள்! 1994 உட்ஸ்டாக் விழாவில் கிரீன் டே வாசித்தபோது, சேறு எறிந்து விளையாடிய கூட்டம் மேடையேறியபோது, பாஸ் கிடார் வாசிக்கும் மைக் டர்ன்ட்டையே ரசிகர் என்று நினைத்துக் காவலர் அமுக்கிவிட்டார். பல் போனது. மேடையேறினால் பல் பத்திரம்.

போனில் ஒரு பாட்டு மட்டும் பிடியுங்கள். முழுக்கப் பிடித்தால் நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். ஒன்றுமே பிடிக்காவிட்டால் பக்கத்தில் பாடிய ஆள் காணாமல் போய்விடுவார்.

12 மார்ச் 2025, காலை 6.40

தம்பி திரும்பிவிட்டார், தனிச்செய்தியில் நீளமாக எழுதியிருக்கிறார். அவர் அனுமதியோடு இரண்டு வரி: முதல் பாதி கூடாரத்துக்கு இடப்பக்கம் நின்றாராம், ஒவ்வொரு சொல்லும் தெளிவு. பிறகு தாங்க முடியாமல் முன்னால் போய்விட்டாராம், ஒலி மோசம், முகம் தெரிந்தது, அதுவே போதும் என்கிறார்.

நான் பிப்ரவரி 13இல் எழுதியது கூடாரத்துக்கு மட்டும் ஓட்டுப் போட்டது. 2011இல் நான் முன்னால் போகவே இல்லை. அவர் எழுதியதைப் படித்தபோது போயிருக்கலாம் என்று தோன்றியது. அதற்குப் பிறகு மெட்டாலிகா இந்தியாவுக்கு வரவில்லை. வந்தால் இந்த முறை நடுவில் தொடங்கி முன்னால் போவேன், முழங்கையை மடக்கிக்கொண்டு.

20 மார்ச் 2025, இரவு 10.50

எதிர்பாராத ஒன்று. ராணிப்பேட்டை வாசகர் எழுதியிருக்கிறார்: அவரும் வேலூரில் அதே கடையில் அதே ஆல்பத்தைப் பதிவு செய்தவர், 1994இல். அவருக்கும் மிச்ச டேப்பில் ராஜா பாட்டு, ஆனால் வேறு பாட்டாம். முப்பது வருஷமாக அவருக்கும் கடைசிப் பாட்டு முடிந்தால் அதுதான் ஓடுகிறதாம். பெங்களூருக்கும் வந்திருக்கிறார், கூடாரத்துக்குப் பின்னால் நின்றாராம்.

அந்த ஏறக்குறைய இரண்டு நிமிட ஒலியை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். அந்தக் குரல் தன்னுடையது இல்லை என்று உடனே பதில் வந்துவிட்டது. பரவாயில்லை. ஐயா, கேட்க மறந்தேன்: என் கேசட் பி பக்கம் சரணத்தின் இரண்டாவது வரியில் நின்றது. உங்களுடையது எங்கே நின்றது?